பெண்ணையாற்றுத் தூண்டில்

திருக்கோவிலூரின் பெருமையைச் சொல்லப் புகுந்தவர்கள் உலகளந்த பெருமாள் சந்நிதியையும், கீழையூர் வீரட்டானத்தையும், முதலாழ்வார்கள் மூவரும் ஓர் இடைகழியில் நெருங்கி நின்ற மழையிரவையும், பாரி மகளிரை மலையமான் குடியில் சேர்த்துவிட்டுக் கபிலர் உயிர் நீத்ததாக ஊரார் காட்டும் ஆற்றுப்பாறையையும் சொல்லி முடிப்பதற்குள் ஏட்டில் இடம் தீர்ந்துபோகிறபடியால், அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடுகிற தென்பெண்ணையில் தூண்டில் போட்டு வயிறு வளர்த்தவர்களுடைய சரித்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர்கள் அரியர். வலை வீசுகிறவன் அந்த வேளையில் அந்த இடத்தில் எது இருக்கிறதோ அதை வாரிக்கொண்டு வருகிறான். தூண்டில்காரனோ இன்ன மீனை, இன்ன இரையால், இன்ன ஆழத்தில் பிடிப்பது என்று கரையிலேயே நிச்சயித்துக்கொண்ட பிறகுதான் நூலை அவிழ்க்க முடியும். ஆகவே ஒரு தலைமுறையில் எந்த இரை வழங்கியது, எந்த முள் வழங்கியது, எந்த நூல் வழங்கியது என்று விசாரித்தால், அந்தத் தலைமுறையில் ஆறு எப்படி இருந்தது, அதில் எவை வாழ்ந்தன என்பதும் கூடவே தெரிந்துவிடும். பெண்ணையின் பழங்கதையை அறிய இதைவிடக் கிட்டத்தில் நின்று சொல்லும் சாட்சி வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த விசாரணைக்குத் தமிழில் கிடைக்கிற ஆதாரங்கள் மிகப் பழமையானவை. அகநானூற்றின் 35-ஆம் பாட்டு மலையமான் காரியையும், அவனுடைய கோவலாகிய திருக்கோவிலூரையும், பெண்ணையாகிய பேரியாற்றையும் ஒருசேர நினைக்கிறது. அதற்கு அடுத்த 36-ஆம் பாட்டு, நக்கீரர் பாடியது, இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்கிவிட்ட விரால் ஒன்று ஆம்பல் இலைகளைக் கிழித்து, குவளையைக் குலைத்து, கொடிகளைச் சிதைத்து, இழுக்கிறவனுடைய இழுப்புக்கு வராமல், கயிற்றுக்கு அடங்காத காளையைப் போலக் குளத்தையே கலக்குவதைக் காட்டுகிறது. இரண்டு பாட்டுக்களும் அருகருகே அமைந்தது தொகுத்தவர் திணை முறைப்படி எண்ணிட்டதால் நேர்ந்ததே. ஆயினும் பெண்ணைக்கரையில் இருந்துகொண்டு அவற்றைப் படிக்கிறவனுக்கு, அந்த விரால் பக்கத்து ஏரியிலேதான் இருந்திருக்கும் என்று தோன்றாமல் போகாது. குளம் கலங்குவதாகப் புலவர் சொல்லும் வேளை விடியற்காலை. இரவிலே இரை கோத்துக் கரையில் கட்டிவிட்டு, பொழுது புலரும்போது போய்ப் பார்க்கிற வழக்கம் அன்றே இருந்திருக்கலாம் என்று நான் ஊகிக்கிறேன்.

இதைவிட நுட்பமான சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் நம் கண்முன் நிறுத்தும் பாண்மகனுக்குத் தோற்பை நிறையப் பச்சிறைச்சி இருக்கிறது. நுனியில் இறுகக் கட்டிய நெடிய மூங்கிற்கழி இருக்கிறது. அதிலே கோத்த நாண், நாணின் முனையில் வளைந்த இரும்பு, இரும்பை மூடிப் பொதிந்த இரை ஆகிய அனைத்தும் இருக்கின்றன. இத்தனை இருந்தும் வாளை அவனை ஏமாற்றிவிடுகிறது. இரையை மட்டும் கவ்விக்கொண்டு, இரும்பைத் தனியே விட்டுவிட்டுத் தப்பிய அந்த மீன், பிறகு நீரோரத்துப் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் நடுங்குகிறது. ஒருமுறை முள்ளின் ருசி அறிந்த மீன் நிழலுக்கும் அஞ்சும் என்பதைத் தூண்டில்காரர்களோடு பழகாத ஒருவர் எழுதியிருக்க முடியாது. வாளை மற்ற மீன்களைத் தின்று வாழும் பெருவாய் மீன். அதற்குப் பச்சிறைச்சியே தக்க இரை. பாண்மகன் இரையைத் தேர்ந்ததில் பிழை ஏதும் இல்லை. முள்ளின்மேல் இரையைப் பொதிந்த முறையிலேதான் குறை நேர்ந்தது. இரை பெரிதாகவும் முள் முனை உள்ளே புதைந்தும் இருந்தால் இன்றைக்கும் அப்படித்தான் நேரும். அந்தப் பாட்டில் இல்லாதவை மிதப்பும் ஈயக்குண்டுமே. மற்றபடி திருக்கோவிலூர்ப் படித்துறையில் இன்று ஒரு சிறுவன் கையில் வைத்திருக்கும் தூண்டிலின் உறுப்புக்கள் அனைத்தும் அங்கே பூர்த்தியாக இருக்கின்றன.

காரியிடம் தேர் பெற்றவர்கள் பாணர்கள். யாழ் பிடித்த அந்தக் குடியிலேயே தூண்டிலும் இருந்தது என்பதைச் சங்க நூல்கள் மறைக்கவில்லை. பாணர் மகளிர் மீன் விற்றதையும் அவை கூறுகின்றன. குறுந்தொகையில் ஒரு புலவருக்கு இயற்பெயர் மறைந்துபோய், அவர் ஆண்ட உவமையைக் கொண்டு மீனெறி தூண்டிலார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. காட்டு யானை வளைத்துத் தின்னத் தொடங்கிய பசுமூங்கிலைக் கைவிட்டதும், அது மீனைப் பற்றிய தூண்டிற்கோல் போல விருட்டென்று மேலே எழுவதை அவர் மலைநாட்டுக் காட்சியாகச் சொன்னார். கல்வராயன் மலையின் மூங்கில் கீழே இறங்கிவந்து ஆற்றங்கரையில் தூண்டிற்கழியாகும் இந்தப் பக்கத்தில், அந்த உவமையின் இரண்டு முனைகளையும் ஒரு பகல் நடையில் பார்த்துவிடலாம்.

இடைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு, பாசிப்பாட்டம் என்ற பெயரில் வந்த வருமானத்தை ஏரியைத் தூர் எடுக்கவும் கரையைக் காக்கவும் செலவிட்ட வழக்கத்தைச் சாசனங்கள் குறிக்கின்றன. தென்னார்க்காட்டுப் பகுதியில் ஆறும் ஏரியும் சார்ந்த மீன்பிடிப்பு செம்படவர் குலத்தின் தொழிலாக இருந்தது. இவர்கள் கடலுக்குப் போவதில்லை, நன்னீரிலேயே தொழில் செய்கிறவர்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தம் பெரிய நூலில் குறித்துவைத்தார். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் பரம்பரைப் பூசாரிகளாக இருப்பவர்களும் இக்குலத்தார்தான். வலையே இவர்களுடைய முதன்மைச் சாதனம். தூண்டிலோ குலம், வயது என்ற வரையறை இல்லாமல், ஆற்றோரத்தில் பிறந்த எவன் கையிலும் இருந்தது.

அந்தப் பழைய தூண்டிலை அங்கம் அங்கமாகப் பார்ப்பது அவசியம். கழிக்கு மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பது நம்பிக்கை. வெட்டியதை நிழலில் உலர்த்தி, நெருப்பில் வாட்டி நேராக்கி, எண்ணெய் தடவி வைப்பார்கள். அடி கைக்கு அடங்கவும் நுனி விரல் தொட்டால் நடுங்கவும் வேண்டும். நூல் பருத்தி; மூன்று இழையைச் சேர்த்து முறுக்கி, வலைகளுக்குத் தோய்ப்பது போலவே பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து உலர்த்துவார்கள். அந்தச் சாற்றின் துவர்ப்பு நூலை அழுகாமல் காத்ததோடு, பழுப்பு நிறமும் கொடுத்துக் கலங்கல் நீரில் அதை மறைத்தது. முள்ளை ஊர்க் கொல்லர் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி வளைத்துத் தந்தார். மிதப்புக்கு மயிற்பீலியின் தண்டு உத்தமம். அது கிடைக்காத இடத்தில் சோளத்தட்டையின் நெட்டி. ஈயத் தகட்டில் நகக்கண் அளவு கிள்ளி நூலின்மேல் சுற்றிக் கடித்து இறுக்கினால் அதுவே குண்டு.

தூண்டில் அமைப்பின் சூட்சுமம் எல்லாம் மிதப்புக்கும் முள்ளுக்கும் இடையே விடும் நூலின் நீளத்தில் அடங்கியிருக்கிறது. கெளுத்திக்கும் ஆராலுக்கும் முள் தரையில் படுக்க வேண்டும்; கெண்டைக்குப் பாதி நீரில் தொங்க வேண்டும்; விராலுக்கு மிதப்பும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். மிதப்பு பேசும் பாஷையைக் கற்றவன் மீனைக் காண்பதற்கு முன்பே அதன் பெயரைச் சொல்லிவிடுவான். சிறு கெண்டை கொத்தும்போது தண்டு நின்ற இடத்திலேயே படபடவென்று துடிக்கும். அதற்காகக் கழியை உயர்த்துகிறவன் கற்றுக்குட்டி. கெளுத்தி கவ்வினால் தண்டு ஒருமுறை அழுந்தி எழுந்து, பிறகு சாய்ந்தபடியே ஓரமாக நகர்ந்து அமிழும். விலாங்கு பிடித்தால் துடிப்பே இராது; மெதுவாக, கல்லிடுக்கை நோக்கி, யாரோ நூலை எடுத்துக்கொண்டு நடப்பது போலப் போகும்; அந்த நடை தொடங்கியதுமே இழுக்காவிட்டால் முள்ளும் போய்விடும், நூலும் போய்விடும்.

இரைகளின் வரிசை பஞ்சாங்கம் பார்த்தாற்போலப் பருவத்துக்குப் பருவம் மாறும். முதல் மழை விழுந்த மாலையில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசல் கெண்டைகளுக்கு விருந்து. அன்று முள்ளில் ஈசலைக் கோத்து நீர்மட்டத்தில் விடுகிறவனுக்கு வேறு இரை தேட வேண்டியதில்லை. புதுவெள்ளம் கலங்கி வரும்போது மண்புழு. எருக்குழி ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் தோண்டி எடுத்து, ஈரமண்ணோடு தேங்காய்ச் சிரட்டையில் வைத்திருப்பார்கள். நீர் தெளிந்து மடுக்களில் தங்கிய பிறகு சேல்கெண்டைக்குக் கேழ்வரகுக் களி. களியை உள்ளங்கையில் பிசைந்து பிசைந்து, முள்ளில் ஒட்டும்படியாகவும் நீரில் சீக்கிரம் கரையாதபடியாகவும் பதம் காண்பது சமையலை ஒத்த கலை. அதனோடு கடலைப் பிண்ணாக்கைப் பொடித்துச் சேர்க்கும் வழக்கம் ஊராருக்குத் தொன்றுதொட்டு வந்ததாகத் தோன்றினாலும் உண்மையில் அது புதிது. நிலக்கடலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். தென்னார்க்காடு ஜில்லாவின் புன்செய்களில் அது பெருகி, புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரான்சுக்குக் கப்பல் ஏறியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். செக்குகள் கடலை ஆட்டத் தொடங்கிய பிறகே பிண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்கும், அங்கிருந்து தூண்டில் முள்ளுக்கும் வந்திருக்க வேண்டும். ஒரு ஜில்லாவின் வியாபார சரித்திரம் முழுவதும் ஒரு மாவு உருண்டையில் ஏறியிருப்பதைக் காணும்போது எனக்கு உண்டாகும் ஆச்சரியம் சொல்லுந்தரமன்று.

விராலுக்கு வைக்கும் தவளையைப் பற்றித் தனியே கூற வேண்டும். கட்டைவிரல் நீளத்துத் தவளையைப் பிடித்து, அதன் முதுகுத் தோலில் மாத்திரம் முள் நுழையும்படி கோத்து, நீந்தும் கால்கள் இரண்டையும் சுதந்திரமாக விட்டுவிட வேண்டும். சதையில் ஆழமாகக் குத்தினால் தவளை சோர்ந்து தொங்கும். சோர்ந்த தவளையை விரால் திரும்பியும் பார்க்காது. தாமரை இலைகளுக்கு நடுவே சற்றே வெளியான நீரில், கழியின் நுனியால் அதை மெல்லத் தட்டித் தட்டித் தாவவிட்டுக்கொண்டு நிற்கையில், அடியிலிருந்து ஒரு பிளவு எழுந்து தவளையை மூடும். அந்தக் கணத்தில் கழியைச் சுண்டுவதுதான் இயற்கையாக எழும் ஆசை. அதை அடக்கத் தெரிந்தவனே விரால் தின்பான். மீன் முதலில் தவளையைக் குறுக்காகக் கவ்வுகிறது. பிறகு கீழே போய் நிதானமாகத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்குகிறது. நூல் இளகி, நின்று, மறுபடி நகரும்போது இழுக்க வேண்டும். நக்கீரர் காலத்து விராலும் அப்படி விழுங்கிய பின்தான் குளத்தைக் கலக்கியது.

இத்தனை நுணுக்கமும் வாய்மொழியாகவே இருந்துவந்த நாட்டில், தூண்டிலைப் பற்றிப் புத்தகம் எழுதும் பழக்கத்தோடு வந்து சேர்ந்தவர்கள் ஆங்கில உத்தியோகஸ்தர்கள். சென்னை ராணுவத்தில் வைத்தியராயிருந்த பிரான்சிஸ் டே, இந்தியாவின் நன்னீர் மீன்களைப் பற்றிய தம் அறிக்கையை 1873-இல் வெளியிட்டார். தென் கன்னடக் கலெக்டராயிருந்த எச். எஸ். தாமஸ் அதே ஆண்டில் மங்களூரில் தூண்டில் கலை பற்றிய நூல் ஒன்றை அச்சிட்டு, 1887-இல் குளத்து மீன்களுக்கென்றே இன்னொன்றும் எழுதினார். இவர்கள் மனத்தில் அளவுகோலாக இருந்தது தங்கள் நாட்டு சால்மன் மீன். நம்முடைய மஹசீர் கெண்டை தூண்டிலில் அகப்பட்டுப் போராடுவதில் சால்மனுக்கும் மேலானது என்பது தாமஸ் கொண்ட கருத்து. கடலூர் முகத்துவாரத்தில் பிடிபடும் காலா மீனுக்கு இந்திய சால்மன் என்ற வியாபாரப் பெயர் ஏற்பட்டிருப்பதும் அவர்களுடைய சால்மன் ஏக்கத்தின் விளைவே. காலாவுக்கும் சால்மனுக்கும் இன உறவு கிடையாது. சால்மனின் இனத்தைச் சேர்ந்த டிரவுட் மீனை நீலகிரி ஓடைகளில் குடியேற்றும் முயற்சியும், பலமுறை தோற்ற பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவரால் கைகூடிற்று.

சால்மனின் விஷயத்தில் விசேஷம் ஒன்று உண்டு. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் அந்த மீன், நன்னீரில் புகுந்ததும் ஆகாரத்தை நிறுத்திவிடுகிறது. பசியில்லாத மீனுக்கு எந்த இரையைக் காட்டுவது? இறகாலும் பட்டாலும் கட்டிய பூச்சிகள், இறால், மண்புழு, சுழலும் பித்தளைத் தகடு என்று நூற்றுக்கணக்கான சாதனங்களை ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் செய்து குவித்தது இந்தக் கேள்வியால்தான். பசியால் அன்றி எரிச்சலாலோ பழைய வாசனையாலோ சால்மன் வாய் திறக்கிறது என்று அவர்கள் இன்னும் வாதிக்கிறார்கள். பெண்ணைக்கரையில் இதற்கு ஒப்பானது விராலிடம் காணப்படுகிறது. குஞ்சு பொரித்த விரால்கள் செந்நிறக் கூட்டமாய் மிதக்கும் தம் குஞ்சுகளுக்குக் கீழே காவல் இருக்கின்றன. அந்தச் சமயத்தில் அருகே வரும் தவளையை அவை தாக்குவது பசிக்காக அன்று, பகைக்காக. அப்போது தூண்டில் போட்டால் மிக எளிதில் அகப்படும். தாயும் தந்தையும் போன மறுநாளே குஞ்சுகளைக் கெண்டையும் மற்றவையும் தின்று தீர்த்துவிடும். இந்த முறையில் பிடிப்பதை நான் அறவே கண்டிக்கிறேன்; ஒரு மீனுக்காக ஓர் ஏரியின் அடுத்த ஆண்டையே விலையாகக் கொடுக்கும் காரியம் அது. 1897-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் நீரில் வெடி போடுவதையும் நஞ்சு கலப்பதையும் தடுத்தது. காவல் விராலைக் காப்பது மனிதர்களுடைய மனச்சாட்சிக்கே விடப்பட்டது.

பிரான்சிஸ் டே கவலையோடு எழுதிய இன்னொரு விஷயம் அணைக்கட்டு. கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த அணை, கடலிலிருந்து ஏறிவரும் உல்லம் என்ற மீனைத் தடுத்துவிட்டதை அவர் கண்டார். பெண்ணையிலும் திருக்கோவிலூர் அணைக்கட்டு மலட்டாற்றுக்கும் பம்பை வாய்க்காலுக்கும் நீரைப் பிரித்துக்கொடுத்து வயல்களை வாழ்வித்தது உண்மை. மேலே ஏற முயலும் மீன்கள் அதன் அடியில் குவிந்து நின்றதும் உண்மை. தூண்டில்காரர்கள் அணைக்கட்டுக்குக் கீழே கூடியது அதனால்தான். ஆனால் ஆற்றின் நடையையே மாற்றியது சாத்தனூர். நந்திமலைப் பக்கத்தில் பிறந்து வரும் பெண்ணையை 119 அடி உயரத்துக்குத் தேக்கும் அந்த அணை 1958-இல் முடிந்தபிறகு, முதல் மழைக்குக் கலங்கி, மார்கழியில் தெளிந்து, பங்குனியில் மடுக்களாகச் சுருங்கிய பழைய ஒழுங்கு போய், மதகு திறந்தால் ஆறு, மூடினால் மணல் என்றாயிற்று. பருவத்தைப் பார்த்து இரை தேர்ந்த அறிவுக்கு அங்கேயே பாதி வேலை போய்விட்டது.

மீதியை எடுத்துக்கொண்டவை மூன்று. முதலாவது முள்: நார்வே தேசத்து மஸ்டாட் கம்பெனி 1870-களின் பிற்பகுதியிலிருந்து யந்திரத்தில் செய்து உலகமெங்கும் அனுப்பிய முட்கள், எண் வாரியாகப் பெட்டியில் வந்து கடைகளில் விற்றபோது, கொல்லரின் கைமுள் மறைந்தது. இதில் எனக்கு வருத்தமில்லை. யந்திர முள்ளின் கூர்மையும் எதிர்முள்ளும் நிச்சயமாக மேலானவை. இரண்டாவது நைலான்: இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு வந்த தங்கூசி நரம்பு, அழுகாது, நீரில் தெரியாது, மெலிந்திருந்தும் பெருமீனைத் தாங்கும், பனிச்சங்காயைத் தேடிப் போவார் அதன்பின் இல்லை. மூன்றாவது மீனே மாறிப்போனது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ஜிலேபி என்ற பெயரில், குளம் குட்டை எல்லாவற்றிலும் பெருகிற்று. கட்லா, ரோகு, மிர்கால் என்ற வடநாட்டு நதிகளின் கெண்டைகளை நீர்த்தேக்கங்களில் இட்டு வளர்த்தார்கள். ஜிலேபிக்குப் பருவமும் இல்லை, இரையில் பேதமும் இல்லை. பங்கீட்டுக் காலத்துக்குப் பின் கிராமக் கடைகள்வரை வந்துவிட்ட மைதாவைத் தண்ணீர் விட்டு உருட்டினால் அதற்குப் போதும்.

கல்வராயன் அடிவாரத்து ஏரிகளிலும், திருக்கோவிலூரைச் சூழ்ந்த சிற்றூர்க் குளங்களிலும் விரால் இன்னும் இருக்கிறது. தவளையின் இடத்தில் கடையில் விற்கும் ரப்பர்த் தவளை பல கைகளில் காணப்படுகிறது. உயிர்த்தவளையை வதைப்பதைவிட அது நல்லது என்றே கருதுகிறேன். முதுகுத்தோல் இரகசியம் மட்டும் அதனோடு மறையும். ஆற்றிலோ, 2024 டிசம்பரில் நேர்ந்ததுபோலச் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் நீர் வந்து இரு கரைகளையும் அழிக்கும் பெருவெள்ளத்தைத் தவிர்த்து, சாதாரணமாகச் செந்நீர் வரும் நாட்களில் மைதா உருண்டை பயன்படுவதில்லை. ஓட்டத்தில் அது கரைந்துபோகும். கலங்கலில் மீனுக்குக் கண்ணும் தெரியாது. அன்றைக்கு எருக்குழியைத் தோண்டி, மண்புழுவைச் சிரட்டையில் போட்டு, ஈயத்தை இன்னும் ஒரு சுற்றுக் கூட்டி, முள் தரையில் படும்படி மிதப்பை மேலே தள்ளிக் கட்டுகிறவர்களுக்குத்தான் கெளுத்தி கிடைக்கிறது.